நம் ஒய்பி யாருக்காக ஓட்டுப் போடுகிறார்?

மலேசிய மக்களவையில் பிரிவு வாக்கெடுப்பு என்று சபாநாயகர் அறிவித்ததும் மணி அடிக்கும். இரண்டு நிமிடம் அடிக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் தே தாரிக்கைப் பாதியில் விட்டவர், தாழ்வாரத்தில் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தவர், நிருபர்களிடம் மாட்டிக்கொண்டவர் என்று எல்லாரும் வேகவேகமாக உள்ளே போவார்கள். பிறகு கதவுகள் சாத்தப்படும். எண்ணுகிறவர்கள் வந்து, யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு குறித்துக்கொள்வார்கள்.

தமிழ் நாளிதழ் நிருபராக அந்த மணியைப் பல ஆண்டு கேட்டவன் நான். அந்த இரண்டு நிமிடத்தில் மனம் மாறிய உறுப்பினர் ஒருவரையும் பார்த்ததில்லை. ஓடிவரும்போதே அவருக்கு முடிவு தெரியும். தொகுதி ஒரு பக்கம் இழுக்க, கட்சி ஒரு பக்கம் இழுக்க, மனசாட்சி நடுவில் நின்று முனகுகிற அந்த இழுபறி எல்லாம் முன்பே, வேறிடத்தில், பெரும்பாலும் நாம் பார்க்க முடியாத இடத்தில் முடிந்திருக்கும்.

தேர்தல் நாளில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிற நாம், ஒய்பி என்று நாம் அழைக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் நமக்காக எத்தனை முறை வாக்களிக்கிறார், எப்படி முடிவு செய்கிறார் என்று கேட்பதே இல்லை. கிள்ளான் பேருந்து நிலையத்தில் யாரையாவது நிறுத்தி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கடைசியாக எந்த மசோதாவுக்கு ஆதரவளித்தார் என்று கேட்டுப் பாருங்கள். கால்வாய் அடைப்பை எடுத்துக்கொடுத்தாரா இல்லையா என்பதற்குத்தான் பதில் வரும்.

குரலா, பெயரா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் மணி அடிக்காமலே நிறைவேறுகின்றன. ஆதரிக்கிறவர்கள் ஒரு சத்தம், எதிர்க்கிறவர்கள் ஒரு சத்தம். எது பெரிது என்று சபாநாயகர் காதால் கேட்டுச் சொல்லிவிடுவார். யாருடைய பெயரும் பதிவாகாது. பெயரோடு எண்ண வேண்டுமென்றால் குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். அரசியல் சட்டத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு மொத்தமுள்ள 222 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் வேண்டும் என்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

எழுந்து நிற்பது சுலபமான காரியமாகத் தோன்றும். 2020 நவம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். அப்போதைய பிரதமர் முஹிடின் அரசின் வரவுசெலவுத் திட்டம். பெரும்பான்மை நூலிழையில் இருந்தது. திட்டம் தோற்றால் அரசே கவிழும். எதிர்க்கட்சி வரிசையில் எழுந்தவர்கள் 13 பேர். இன்னும் இரண்டு பேர் எழுந்திருந்தால் போதும். எழவில்லை. கொள்கை அளவில் இப்போது விட்டுவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதிர்க்கட்சித் தலைமை முடிவு செய்திருந்தது. கோவிட் காலம். மாமன்னரும் திட்டத்துக்கு ஆதரவு தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் வாக்கெடுப்பிலேயே அன்று கதை முடிந்தது. டிசம்பர் 15ஆம் தேதி மூன்றாம் வாசிப்பில் பெயரோடு எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108.

எழலாமா வேண்டாமா என்று அந்த நவம்பர் நாளில் உட்கார்ந்திருந்தவர்களின் மனத்தில் ஓடியதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தலைவர் உட்காரச் சொல்கிறார். அரண்மனை ஒத்துழைக்கச் சொல்கிறது. தொகுதியில் சம்பளம் இல்லாதவன் உதவித்தொகைக்குக் காத்திருக்கிறான். இந்த அரசு போக வேண்டும் என்று தன் மனம் சொல்கிறது. இதில் எந்தக் குரல் தப்பானது?

குரல் வாக்கெடுப்பு மனசாட்சிக்கு நிழல் தருவதும் உண்டு. 2023 ஏப்ரல் 3ஆம் தேதி கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. தூக்கைத் தவிர வேறு வழியே இல்லை என்றிருந்த குற்றங்களுக்கு, இனி நீதிபதி வழக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றானது. வழக்கறிஞர் கர்ப்பால் சிங் வாழ்நாள் முழுக்கப் போராடிய விஷயம் அது. மசோதாவை அவையில் கொண்டுவந்தவர், அப்போது சட்டத் துறைத் துணை அமைச்சராக இருந்த அவர் மகன் ராம்கர்ப்பால். ஆனால் காப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டால், "கொலைகாரனுக்கு என்ன இரக்கம்?" என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். பெயரோடு எண்ணியிருந்தால் சில உறுப்பினர்களின் தொண்டை அடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. பெயர் தெரியாததால் நல்ல சட்டம் வந்தது என்று மகிழலாம். அதே வசதி மோசமான சட்டத்துக்கும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

தொகுதி: நாற்காலியில் காத்திருப்பவர்கள்

பாங்கி தொகுதியில் 2022 பொதுத்தேர்தலில் 303,430 வாக்காளர்கள். சரவாக்கின் இகான் தொகுதியில் 28,290 பேர். இரண்டுக்கும் அவையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். கிள்ளானிலும் வாக்காளர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இத்தனை பேரின் கருத்தை ஒருவர் எப்படிக் கேட்டு அறிவார்?

சேவை மையத்துக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். கிள்ளான் பக்கத்தில் அப்படி ஒரு மையத்தில் காலை நேரங்களில் நான் உட்கார்ந்திருப்பதுண்டு. வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் தலைவர்கள் படம், மேசை மேல் பழைய நாளிதழ். வருகிறவர்கள் கையில் பிளாஸ்டிக் கோப்பு. சமூகநல உதவித்தொகை நின்றுபோனது, மலிவுவிலை அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் இழுத்தடிக்கிறார்கள், வீட்டுக்கு முன்னால் சாக்கடை. சாக்கடை கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் வேலை. நிலம் மாநில அரசின் கையில். நாடாளுமன்ற உறுப்பினருக்கு இரண்டிலும் நேரடி அதிகாரம் கிடையாது. ஆனால் "அது என் வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்தலுக்கு அவர் வர முடியுமா?

2024இல் ஒரு நாள் தாயும் மகளும் வந்தார்கள். காப்பார் பக்கத்துத் தோட்டக் குடும்பம். தோட்டம் எப்போதோ வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. மகளுக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கிறாள். உதவியாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

"தை மாசம் தம்பி," என்றார் தாய். "மாப்பிள்ளைக்கும் சிவப்பு ஐசிதான். நம்ம தோட்டத்துப் பையன்."

உதவியாளர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பாரத்தை நிரப்பத் தொடங்கினார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சமயம் நாடாளுமன்றத்தில் இருந்த ஒரு மசோதாவைப் பார்க்க வேண்டும்.

ஒரே தட்டில் தேனும் வேம்பும்

அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதி உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன் குடியுரிமை தொடர்பான அரசியல் சட்டத் திருத்த மசோதாவை முதல் வாசிப்புக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு இனி தானாகக் குடியுரிமை. அதுவரை தந்தை மலேசியராக இருந்தால்தான் அந்த உரிமை. சிங்கப்பூரிலோ லண்டனிலோ பிள்ளை பெற்ற நம் பெண்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய விஷயம்.

அதே மசோதாவின் முதல் வடிவத்தில் வேறு சிலவும் இருந்தன. பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்படும் குழந்தைக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமை போகும். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கும் குழந்தைக்கு இருந்த பாதுகாப்பும் போகும். பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகன் என்ற விதியும் மாறும்.

மூன்றாவது விதி நம் தோட்ட வரலாற்றோடு ஒட்டியது. மெர்டேக்கா நாள் முதல் 1962 வரை இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை இருந்தது. 1962க்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. பதிவுக்குப் போகாத தாத்தா, தாளைத் தொலைத்த பாட்டி, தோட்டத்திலேயே பிறந்து பிறப்பைப் பதியாத அப்பா என்று வழிவழியாகச் சிவப்பு அட்டையோடு நின்றுபோன குடும்பங்களுக்கு, அந்த 'நிரந்தரவாசி' என்ற சொல்தான் அடுத்த தலைமுறைக்குக் கதவு. புதிய திருத்தம் அந்தக் கதவைச் சாத்துகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இரண்டு சிவப்பு அட்டைக்காரர்களுக்குப் பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகாது. மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். தை மாதத் திருமணம் என்று தாய் சொன்னபோது உதவியாளர் நிமிர்ந்து பார்த்தது அதனால்தான்.

அரசுசாரா அமைப்புகள் கொதித்தன. ஆளுங்கட்சிப் பின்வரிசையிலும் முணுமுணுப்பு எழுந்தது. நல்லதையும் கெட்டதையும் ஒரே மசோதாவில் கட்டாதீர்கள், தாய்மார் விஷயத்தைத் தனியாகப் பிரியுங்கள் என்றார்கள். முதல் வாசிப்புக்குச் சில நாள் முன்பு, மார்ச் 22ஆம் தேதி, கண்டெடுக்கப்பட்ட குழந்தை, நாடற்ற குழந்தை தொடர்பான இரண்டு திருத்தங்களையும் அரசு கைவிட்டது. நிரந்தரவாசி திருத்தம் மட்டும் நிலைத்தது.

அக்டோபர் 17ஆம் தேதி வாக்கெடுப்பு. 206 பேர் ஆதரவு. எதிர்ப்பு பெயருக்குத்தான். ஆதரித்தவர்களில் நம் இந்திய உறுப்பினர்களும் அடக்கம்.

இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். என்னால் முடியவில்லை. எதிர்த்து வாக்களித்தால் தாய்மாரின் உரிமைக்கு எதிராக வாக்களித்ததாகும். ஆதரித்தால் சிவப்பு அட்டைப் பிள்ளைகளுக்கு எதிராக. விலகி நின்றால் கட்சிக்கும் கோபம், மக்களுக்கும் விளங்காது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கட்சி: சீட்டு யார் கையில்?

கட்சிக் கொறடா சவுக்கோடு நிற்பதில்லை. கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்புவார்: இத்தனை மணிக்கு அவையில் இருங்கள், இப்படி வாக்களியுங்கள். அதை மீறினால் என்ன ஆகும்?

மலேசியச் சட்டப்படி உடனடியாக ஒன்றும் ஆகாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2020 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா ஷெராட்டன் ஹோட்டல் கூட்டத்தையொட்டி ஆட்சி கவிழ்ந்த பிறகு, கட்சித் தாவலைத் தடுக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2022 ஜூலை 28ஆம் தேதி மக்களவை 209 வாக்குகளோடு, ஓர் எதிர்ப்பும் இல்லாமல், அரசியல் சட்டத்தில் 49ஏ பிரிவைச் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. கட்சியிலிருந்து விலகினாலோ வேறு கட்சியில் சேர்ந்தாலோ பதவி போகும். ஆனால் கட்சியே நீக்கினால் பதவி போகாது. கட்சி சொன்னதற்கு எதிராக வாக்களிப்பது மட்டும் தாவல் ஆகாது.

இந்தியாவில் அப்படி இல்லை. 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலே பதவி போகலாம். 2017 பிப்ரவரி 18ஆம் தேதி சென்னையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றதை இங்கே நாமும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூவத்தூர் விடுதியிலிருந்து உறுப்பினர்கள் வந்ததையும் பார்த்தோம். எதிர்த்து வாக்களித்த, அதே கட்சியின் பன்னீர்செல்வம் அணியினர் மீது தகுதிநீக்க மனு போனது. ஆனால் அவர்கள் பதவியைச் சபாநாயகர் பறிக்கவில்லை. சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அதை எடுத்து வீசுவதா வேண்டாமா என்பது நாற்காலியில் இருப்பவரைப் பொறுத்தது.

இங்கேயும் அதைப் பார்த்தோம். 2023 அக்டோபர் தொடங்கி பெர்சத்து கட்சியின் ஆறு உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். சிலாங்கூரின் தஞ்சோங் காராங் உறுப்பினரும் அவர்களில் ஒருவர். கட்சி மாறவில்லை, தொகுதி மக்களின் நலனுக்காகத்தான் என்றார்கள். எதிர்க்கட்சி உறுப்பினருக்குத் தொகுதி ஒதுக்கீடு ஆளுங்கட்சியினருக்குப் போலக் கிடைப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. பெர்சத்து தன் கட்சி விதியைத் திருத்தி, அவர்கள் உறுப்பினர் தகுதியை இழந்துவிட்டார்கள் என்றது. 2024 ஜூலையில் சபாநாயகர் ஜொஹாரி அப்துல், இடங்கள் காலியாகவில்லை என்று தீர்ப்பளித்தார். அவர்கள் செய்தது தொகுதிக்காகவா, தங்களுக்காகவா? ஒரு நல்ல சாலைக்கும் தன் வாக்குக்கும் முடிச்சுப் போடும் நிலையில் உறுப்பினரை வைத்திருக்கும் ஏற்பாடே கோணலானது என்பேன்.

சட்டம் விட்ட இடத்தைக் கட்சிகள் வேறு கயிற்றால் கட்டுகின்றன. பிகேஆர் கட்சி தன் வேட்பாளர்களிடம் ஒரு கோடி வெள்ளி ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது. கட்சியைவிட்டுப் போன அம்பாங் உறுப்பினர் சுரைடா கமாருடின் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒரு லட்சமாகக் குறைத்தது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அன்வாரின் ஒற்றுமை அரசின் கூட்டணித் தலைவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும், நம்பிக்கை, வரவுசெலவு போன்ற வாக்கெடுப்புகளில் பிரதமரை ஆதரிக்கத் தவறுகிறவர் பதவி விலகியதாகக் கருதப்படுவார் என்ற பொருளில் ஒரு பிரிவு இருந்தது. அது அரசியல் சட்டத்துக்கு ஒக்குமா என்று அப்போதே சர்ச்சை எழுந்தது.

ஆனால் பத்திரமும் ஒப்பந்தமும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி இருக்கிறது. அது சீட்டு. கிள்ளானில் 2008 முதல் மூன்று தவணை உறுப்பினராக இருந்தவர் சார்ல்ஸ் சந்தியாகோ. 2022இல் அவருடைய கட்சியான ஜசெக அவரை நிறுத்தவில்லை. வீ.கணபதிராவை நிறுத்தியது, அவர் வென்றார். காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். ஒன்று மட்டும் உறுதி. வாக்காளர் கூடும் மேடையில் எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும், வேட்பாளர் பட்டியலை எழுதும் பேனா கட்சித் தலைமையகத்தில்தான் இருக்கிறது. வாக்கு மணி அடிக்கும்போது அந்தப் பேனா ஒவ்வொருவர் நினைவிலும் இருக்கும்.

மனசாட்சி எங்கே ஒளிந்திருக்கிறது?

அப்படியானால் மனசாட்சிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. நாம் தவறான இடத்தில் தேடுகிறோம்.

பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு பின்வரிசை உறுப்பினர் ஒருவர் ஒருமுறை எனக்கு விளக்கினார். "அண்ணே, ஓட்டுப் போடுறது கடைசி வேலை. மசோதா கையில வந்ததும் நான் நாலு கேள்வி கேட்டுக்குவேன். என் ஓட்டு இல்லாமலே இது பாஸ் ஆகுமா? எந்த வரி என் ஆளுங்களத் தொடுது? அமைச்சர்கிட்ட பேசி அந்த வரிய மாத்த முடியுமா? இன்னிக்கு எதுத்துட்டா, நாளைக்கு எங்கூடப் பேசுவாங்களா?"

"அஞ்சாவது கேள்வி இல்லையா ஒய்பி?" என்றேன். "இது சரியா தப்பான்னு?"

சிரித்தார். "அந்தக் கேள்வியால தாண்ணே மத்த நாலும் வருது."

அவர் சொன்ன மூன்றாவது கேள்வியில்தான் மனசாட்சி வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். கட்சியின் உள்கூட்டத்தில் எழுந்து பேசுவது, அமைச்சரின் அறையில் உட்கார்ந்து ஒரு வரியை அடிக்கச் சொல்வது, தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்பது. இதற்குக் கைதட்டல் இல்லை, செய்தியும் இல்லை. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா வந்தபோது இது வெளியே தெரிந்தது. 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடமானால் 80 விழுக்காடு உரிமையாளர்கள், அதற்கும் பழையதானால் 75 விழுக்காடு, கைவிடப்பட்ட கட்டடமானால் 51 விழுக்காடு சம்மதித்தால் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றது மசோதா. அப்போதிருந்த சட்டப்படியோ அடுக்குமாடி உரிமையை முடித்துக்கொள்ள எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இருக்கும் என் நண்பர் அன்று இரவே கூப்பிட்டார். "அப்ப நான் ஒருத்தன் வேணாம்னா, அதுக்கு மதிப்பில்லையா?" ரயில்வே முற்றம் இருந்த நிலத்தில் கேஎல் சென்ட்ரல் எழுந்ததைச் சன்னலிலிருந்து பார்த்தவர் அவர். 'மேம்பாடு' என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இருக்கும் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கோ, இடித்துக் கட்டினால் நல்லது. ஒரே மாடியில் இரண்டு மக்கள். ஒய்பி யாருடைய பிரதிநிதி? எதிர்க்கட்சியோடு ஆளுங்கட்சிப் பின்வரிசையினரும் கேள்வி எழுப்ப, அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. மசோதா ஒத்திவைக்கப்பட்டது. மணி அடிக்காமல் போனதுதான் அங்கே செய்தி.

வராமலிருப்பதும் ஒரு மொழி. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூரைப் பிரிக்கும் மசோதா 126க்கு 0 என்று நிறைவேறியது. பிரிவினையை விரும்பாத அம்னோ பொதுச் செயலாளர் சைட் ஜாஃபார் அல்பார், எதிர்த்து வாக்களிக்காமல் அவையைவிட்டு வெளியேறினார். பின்னர் அந்தக் கட்சிப் பதவியிலிருந்தும் விலகினார். ஏடுகளில் எதிர்ப்பு பூஜ்யம் என்றே இருக்கிறது.

அரசியல் சட்டத் திருத்தத்தில் வாக்களிக்காமல் இருப்பதற்கு இன்னும் கூர்மை உண்டு. 148 என்பது அவையில் இருப்பவர்களில் கணக்கிடுவதல்ல, மொத்த உறுப்பினர்களில். ஆகவே சும்மா இருந்தாலே மசோதா தோற்கலாம். 2019 ஏப்ரலில் சபா, சரவாக்கின் நிலையைப் பற்றிய திருத்தத்துக்கு 138 ஆதரவு, 59 பேர் ஒதுங்கினார்கள், எதிர்ப்பு ஒன்றுமில்லை. மசோதா தோற்றது. யாரும் 'வேண்டாம்' என்று சொல்லாமலே வேண்டாம் என்றாயிற்று. 2021 டிசம்பரில் வேறு வடிவில் 199 வாக்குகளோடு அது நிறைவேறியது.

கடைசி வழி பதவி விலகல். முன்பு பதவி விலகுகிற நாடாளுமன்ற உறுப்பினர் ஐந்தாண்டு மறுபடி போட்டியிட முடியாது. கட்சித் தாவலைத் தடுத்த அதே 2022 திருத்தம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. கட்சியோடு ஒத்துப்போக முடியாதவர் விலகி, இடைத்தேர்தலில் மக்களிடமே போய்க் கேட்கலாம். வழி திறந்தாயிற்று. நடப்பவர் கூட்டத்தைக் காணோம்.

ஓட்டில்லாதவர்களின் ஒய்பி

மீண்டும் அந்தக் குடியுரிமை மசோதாவுக்கு வருகிறேன். கண்டெடுக்கப்பட்ட குழந்தை விஷயத்தில் அரசு பின்வாங்கியது. நிரந்தரவாசி விஷயத்தில் பின்வாங்கவில்லை. ஏன்?

இருவருக்கும் ஓட்டு இல்லை. சிவப்பு அட்டைக்காரர் வரி கட்டலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், ஐம்பது ஆண்டு கிள்ளானில் வாழலாம், வாக்குச் சாவடிக்குள் போக முடியாது. தொகுதியின் அழுத்தம் என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் வாக்காளர்களின் அழுத்தம். ஆனாலும் குழந்தைகளுக்காக ஓட்டுள்ளவர்கள் பேசினார்கள். குப்பைத்தொட்டி ஓரம் கிடந்த குழந்தையை நினைத்தால் எந்த இனத்தவருக்கும் மனம் இளகும். பத்திரிகைகள் எழுதின, வழக்கறிஞர்கள் பேசினார்கள், பின்வரிசையினருக்குத் தெம்பு வந்தது. சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்காக எழுந்த குரல் அத்தனை பெரிதில்லை. நம் சமூகத்திலேயே, நீல அட்டை வாங்கிவிட்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் வாசிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. சேவை மைய உதவியாளரிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேச எத்தனை பேர் வந்தார்கள் என்று. "நீலத்துக்கு மாத்தணும்னு தினம் வர்றாங்கண்ணே. சட்டம் மாறப்போகுதுன்னு யாரும் வரல."

ஒரு உறுப்பினர் அமைச்சரின் அறைக்குள் போகும்போது அவர் கையில் மனசாட்சி மட்டும் இருந்தால், அமைச்சர் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார். "என் தொகுதியில் இத்தனை சங்கம் எழுதியிருக்கிறது, கோயில் கமிட்டி கேட்கிறது, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் கேட்கிறது" என்று தாள்களை எடுத்து வைத்தால் பேச்சு வேறாக இருக்கும். நல்லவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது போதாது. நல்லவருக்கும் சாட்சி வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மக்களவையின் அலுவல் பட்டியலும், மசோதாக்களும், ஹன்சார்ட் என்ற அவை நடவடிக்கைக் குறிப்பும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன. மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. முதல் வாசிப்பு முடிந்ததும், இரண்டாம் வாசிப்புக்கு முன்பு, நம்மைத் தொடும் ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போங்கள். ஓட்டில்லாத பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்கெடுப்பு முடிந்த பிறகு இன்னொரு முறை போய், எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். மரியாதையாகத்தான் கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை நாற்காலியைவிட்டு எழாதீர்கள்.

முதல் முறை அவர் மழுப்பலாம். இரண்டாம் முறை பதிலோடு வருவார். மூன்றாம் முறை, மசோதாவைப் படிக்கும்போதே உங்களுக்கு என்ன சொல்வது என்று யோசிப்பார். கொறடாவின் செய்தி அவர் கைப்பேசிக்கு எப்படியும் போய்ச் சேரும். அதற்கு முன்பே நம் செய்தி போயிருக்க வேண்டும்.